பைத்தானில் ஜிப் கட்டுவது: சனிக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கணக்கு அலுவலகங்களில் வேலை செய்பவர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர், கல்யாணப் படம் எடுக்கும் தம்பிகள் இரண்டு பேர், பாலம் தாண்டிப் பினாங்குத் தீவிலிருந்து வரும் மாணவர்கள் கொஞ்சம். பாடம் எதுவானாலும் மூன்றாவது வாரத்துக்குள் யாராவது ஒருவர் "ஃபோல்டரை ஜிப் ஆக்கி அனுப்பணும், அதை ஸ்கிரிப்டே செய்யுமா?" என்று கேட்டுவிடுவார். செய்யும். ஆனால் அனுப்புகிறவர் கணினியில் ஜிப் உருவாகிவிட்டால் மட்டும் வேலை முடிந்ததாக நான் கணக்கில் எடுப்பதில்லை. பெறுகிறவர் கணினியில் அது திறக்க வேண்டும், பெயர்கள் சரியாகத் தெரிய வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கவலையிலிருந்து எழுதியவை.

கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு ஃபோல்டரை ஜிப் ஆக்க ஆகச் சுருக்கமான வழி எது?

ஷூட்டில் மாட்யூலில் உள்ள மேக்_ஆர்க்கைவ். ஒரே வரி, மூன்று தகவல்: உருவாகப்போகும் கோப்பின் பெயர், வகை, எந்த ஃபோல்டர் என்பது. வகைக்கு 'ஜிப்' என்று கொடுங்கள். பெயரின் கடைசியில் டாட் ஜிப் சேர்க்காதீர்கள், அதுவே சேர்த்துக்கொள்ளும். நீங்களும் சேர்த்தால் வால் இரண்டாகிவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். உருவாகும் ஜிப்பை, எந்த ஃபோல்டரைச் சுருட்டுகிறீர்களோ அதற்குள்ளேயே வைக்காதீர்கள். வகுப்புக்கு வந்த ஒருவருடைய அலுவலகத்தில் மாதாமாதம் காப்புப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் இப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஜனவரி ஜிப் அதே ஃபோல்டரில் உட்கார்ந்தது. பிப்ரவரி ஜிப்புக்குள் ஜனவரி ஜிப்பும் போனது. மார்ச்சுக்குள் இரண்டும் போயின. மாதத்துக்கு மாதம் இரட்டிப்பு. ஜனவரியில் 300 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் மாத ஜிப் 9,600 எம்பி. வட்டு நிரம்பிக் கணினி நின்ற பிறகுதான் யாரும் உள்ளே பார்த்தார்கள். 'காப்பு' என்று வெளியே தனி ஃபோல்டர் வைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

ஜிப்ஃபைல் மாட்யூலை வைத்து நானே எழுதினேன். ஜிப் உருவானது, அளவு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. ஏன்?

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது மாட்டும் இடம் இது. சேர்த்துக் கட்டுவது ஒரு வேலை, சுருக்குவது வேறு வேலை. ஜிப் வடிவம் இரண்டையும் செய்யும், ஆனால் பைத்தானின் ஜிப்ஃபைல் நீங்கள் சொல்லாவிட்டால் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். அதன் இயல்பு அமைப்பு 'ஜிப்_ஸ்டோர்ட்', அதாவது உள்ளதை உள்ளபடியே பெட்டியில் வைப்பது. சுருங்க வேண்டுமென்றால் கம்ப்ரெஷன் என்ற இடத்தில் 'ஜிப்_டிஃப்ளேட்டட்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மேலே சொன்ன மேக்_ஆர்க்கைவ் இதைத் தானே பார்த்துக்கொள்வதால்தான் அதில் வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை.

பைத்தான் 3.7 முதல் எவ்வளவு அழுத்திச் சுருக்குவது என்றும் சொல்லலாம்: 0 முதல் 9 வரை. சொல்லாவிட்டால் 6. ஒன்பதுக்குப் போனால் நேரம் கூடும், அளவு கொஞ்சம்தான் குறையும். நான் 6-ஐ மாற்றுவதே இல்லை.

பிஜிப்2, எல்ஜெட்எம்ஏ என்ற வேறு இரண்டு முறைகளையும் ஜிப்ஃபைல் அறியும். பல சமயம் அவை இன்னும் சிறிதாக்கும். இருந்தாலும் பிறருக்கு அனுப்பும் ஜிப்பில் வேண்டாம். எல்லாக் கணினியிலும் திறக்கும் என்று நம்பி அனுப்பக்கூடியது டிஃப்ளேட் ஒன்றுதான்.

டிஃப்ளேட்டட் போட்டும் தைப்பூசப் படங்கள் குறையவில்லையே?

குறையாது. ஜேபெக் படம் கேமராவிலேயே சுருக்கப்பட்டுத்தான் வெளியே வருகிறது. எம்பி3, வீடியோ எல்லாம் அப்படியே. பிழிந்த தேங்காயை மறுபடி பிழிகிற கதை. தண்ணீர்மலைக் கோயிலில் எடுத்த 400 படங்களை ஜிப் ஆக்குவதில் லாபம் ஒன்றுதான்: 400 கோப்புகள் ஒரே கோப்பாகிவிடும். அதற்கு ஸ்டோர்ட் போதும், வேகமாகவும் முடியும். மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று நினைத்தால் ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. அளவு உண்மையிலேயே குறைய வேண்டுமென்றால் படத்தின் அகலத்தைக் குறைக்க வேண்டும், அது வேறு பாடம்.

தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் என்கிறார்கள். அப்படியானால் தமிழ்க் கோப்புகளின் ஜிப் பெரிதாகத்தானே இருக்கும்?

இந்தக் கேள்வியை ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கேட்டாள். அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வெண்பலகையில் 'அம்மா' என்று எழுதினேன்.

கணினிக்கு அது ஐந்து குறி: அ, ம, புள்ளி, ம, கால். எழுத்துகளை எண்களாக்கி வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். வரிசையாக எழுதினால் 224 174 133, 224 174 174, 224 175 141, 224 174 174, 224 174 190. மொத்தம் 15 பைட். இப்போது முதல் எண்ணை மட்டும் பாருங்கள். எல்லாமே 224. இரண்டாவது எண் 174, இல்லையென்றால் 175, வேறு எதுவும் வராது. தமிழில் எதை எழுதினாலும் இப்படித்தான். மூன்றில் இரண்டு பங்கு, திரும்பத் திரும்ப வரும் அதே எண்கள்.

டிஃப்ளேட்டுக்கு வேண்டியது இதுதான். அது இரண்டு பழைய யோசனைகளின் சேர்க்கை. முன்பே வந்த தொடர் மறுபடி வந்தால் "இத்தனை பைட் பின்னால் போய், இத்தனை பைட் எடுத்துக்கொள்" என்று மட்டும் குறித்துவைப்பது ஒன்று. ஸிவ், லெம்பல் இருவரும் 1977-இல் தந்தது. அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியும் அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியும் கொடுப்பது இன்னொன்று. ஹஃப்மன் 1952-இல் தந்தது. 224-உம் 174-உம் வரிக்கு வரி வந்தால் அவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதனால் தமிழ் உரைக்கோப்பு, ஜிப்புக்கு வெளியே கனமாக இருந்தாலும் உள்ளே போனால் நன்றாகவே சுருங்கும். ஒரு நீளமான கட்டுரையை எடுத்து நீங்களே செய்து பாருங்கள். நாலு வரிக் கோப்பில் செய்து பார்க்காதீர்கள். ஜிப்பின் சொந்தத் தலைப்புத் தகவலுக்கே நூறு பைட்டுக்கு மேல் போய்விடும், ஏமாந்துபோவீர்கள்.

நான் அனுப்பிய ஜிப்பில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வந்தன என்று திருப்பி அனுப்பினார்கள். என்ன செய்வது?

முதலில் அந்தக் கிறுக்கலைப் பாருங்கள். ஆல்ஃபா என்ற கிரேக்க எழுத்தும் இரட்டைக் கோணக்குறியும் மாறிமாறி வருகின்றனவா? அப்படியானால் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐபிஎம் கணினிக் காலத்து 437 என்ற எழுத்துப் பட்டியலில் 224-க்கு ஆல்ஃபா, 174-க்கும் 175-க்கும் கோணக்குறிகள். மேலே பார்த்த அதே எண்கள்தான், வேறு கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார்கள்.

ஜிப் வடிவம் 1989-இல் ஃபில் கட்ஸ் செய்தது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் வருவதற்கு முன்பே. பெயர்கள் யுடிஎஃப்-8-இல் உள்ளன என்று சொல்லும் அடையாளக் குறி பின்னால்தான் வந்தது. பைத்தான் 3 தமிழ்ப் பெயரைக் கண்டால் அந்தக் குறியைத் தானே வைத்துவிடும். ஆக, உங்கள் ஸ்கிரிப்டில் தவறு இல்லை. திறக்கும் பக்கத்தில் உள்ள பழைய மென்பொருள் குறியைப் பார்க்கவில்லை. புதியதை நிறுவச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். யாரோ பழைய கருவியில் கட்டிய ஜிப் உங்களுக்கு வந்து, பைத்தானில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். குறி இல்லாததால் பைத்தான் 437 பட்டியலையே எடுத்துக்கொள்கிறது. 3.11 முதல் திறக்கும்போதே மெட்டாடேட்டா_என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று சொன்னால் பெயர்கள் சரியாகிவிடும். அதற்கு முந்தைய பதிப்பில் பெயரை 437-ஆக என்கோட் செய்து, வந்த பைட்டுகளை யுடிஎஃப்-8-ஆக டிகோட் செய்ய வேண்டும்.

ஒரே ஃபோல்டரில் 'பொங்கல்' என்று இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஸ்கிரிப்ட் ஒன்றைத்தான் கண்டுபிடிக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துவிட்டோம்.

கண்ணுக்கு ஒன்றுதான். உள்ளே வேறு. 'பொ' என்பதில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்த குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக. முதல் வகையில் 'பொங்கல்' 7 குறி. இரண்டாம் வகையில் 8. பழைய மேக் கணினிகளின் வட்டு அமைப்பு கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைக்கும். விண்டோஸில் தட்டியது சேர்ந்தே இருக்கும். மேக்கில் கட்டிய ஜிப்பை விண்டோஸில் விரித்தால் இரண்டு பொங்கலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒ, ஓ, ஔ உயிர்மெய்களோ தனி 'ஔ' எழுத்தோ உள்ள பெயர்களில் மட்டும்தான் இது வரும். அதனால் 'தீபாவளி' ஒழுங்காகக் கிடைக்கும், 'கோலாட்டம்' கிடைக்காது. காரணம் தெரியாதவர் கணினிக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே நினைப்பார்.

தீர்வு சின்னது. யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்க்ஷன் உண்டு. என்எஃப்சி என்று சொல்லிப் பெயரைக் கொடுத்தால் சேர்த்து எழுதிய வடிவம் திரும்பி வரும். ஜிப்புக்குள் போகும் ஒவ்வொரு பெயரையும் அதன் வழியாக அனுப்புங்கள். ஒரே பெயரில் இரண்டு வந்தால் எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ்க் கோப்புப் பெயர்களோடு புழங்குகிறவர்களுக்கு இந்த ஒரு வரி மட்டும் போதும், பல மாலைகள் மிச்சமாகும்.

ஜிப்பைத் திறந்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக என் கணினியின் முழு வழியும் தெரிகிறது.

ஜிப்ஃபைலின் ரைட் கட்டளைக்கு முழு வழியைக் கொடுத்திருக்கிறீர்கள். ஆர்க்நேம் என்ற இடத்தில் ஜிப்புக்குள் என்ன பெயர் வேண்டுமோ அதைக் கொடுங்கள். கோப்பு வழிகளைக் கையாளும் பாத்லிப் மாட்யூலைப் பயன்படுத்துகிறவர்கள் ரிலேட்டிவ்_டு கொண்டு அதை எளிதாக எடுக்கலாம்.

சம்பளச் சீட்டுகளை பாஸ்வேர்டு போட்டு ஜிப் ஆக்கினேன். பெற்றவர் பாஸ்வேர்டு கேட்காமலே திறந்துகொண்டது என்கிறார்.

செட்பாஸ்வேர்டு என்ற கட்டளையை எழுதியிருப்பீர்கள். அது பூட்டிய ஜிப்பைப் படிப்பதற்கான கட்டளை. எழுதும்போது போட்டால் எந்தப் பிழையும் வராது, எந்தப் பூட்டும் விழாது. பைத்தானோடு வரும் ஜிப்ஃபைலுக்குப் பூட்டிய ஜிப்பை உருவாக்கவே தெரியாது. பிழைச்செய்தி வராத தவறுதான் எனக்கு அதிகப் பயம். பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், சம்பளம் எல்லாம் உள்ள கோப்பு அது. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பதையும் மறக்க வேண்டாம்.

பைஜிப்பர் என்ற தனி மாட்யூலை நிறுவிக்கொண்டு, ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டு முறையில் பூட்டச் சொல்லுங்கள். பயன்படுத்தும் விதம் ஏறக்குறைய ஜிப்ஃபைல் மாதிரியே. பெறுகிறவரிடம் 7-ஜிப் போன்ற ஒன்று இருக்கச் சொல்லுங்கள், விண்டோஸில் உள்ள சாதாரண வசதி ஏஇஎஸ் பூட்டைத் திறக்காமல் போகலாம். ஜிப்கிரிப்டோ என்ற பழைய பூட்டு எல்லா இடத்திலும் திறக்கும் என்று யாராவது சொல்வார்கள். அதை உடைக்கும் வழியை பிஹாம், கோச்சர் இருவரும் 1994-லேயே எழுதிவிட்டார்கள். வேண்டாம்.

இன்னும் ஒன்று. ஏஇஎஸ் போட்டாலும் உள்ளே உள்ள கோப்புகளின் பெயர்கள் பூட்டப்படுவதில்லை. பாஸ்வேர்டு இல்லாமலே பட்டியலைப் பார்க்கலாம். எனவே 'ஊழியர் பெயர், வேலை நீக்கக் கடிதம்' என்று கோப்புக்குப் பெயர் வைத்துவிட்டு ஜிப்பைப் பூட்டிப் பயனில்லை. எண் போட்டுப் பெயர் வையுங்கள். பாஸ்வேர்டை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள். பிறந்த தேதி பாஸ்வேர்டு ஆகாது, ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இருக்கும் ஜிப்பில் ஒரு கோப்பை மட்டும் மாற்ற முடியுமா?

சேர்க்கலாம், மாற்ற முடியாது. 'ஏ' முறையில் திறந்து அதே பெயரில் எழுதினால் பழையது போகாது, இரண்டும் உள்ளே கிடக்கும். பைத்தான் ஓர் எச்சரிக்கை மட்டும் காட்டும். ஜிப்பைப் புதிதாகவே கட்டிவிடுங்கள். பழைய ஜிப்பைத் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று பயமிருந்தால் 'எக்ஸ்' முறையில் திறங்கள். அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

காலை ஆறு மணிக்கு உருவான கோப்பு, ஜிப்பில் முந்தைய நாள் இரவு பத்து மணி என்று காட்டுகிறது.

ஸ்கிரிப்ட் இணைய சர்வரில் ஓடுகிறதா? அங்கே கடிகாரம் உலகப் பொதுநேரத்தில் இருக்கும், நாம் எட்டு மணி நேரம் முன்னால். ஜிப்புக்குள் கோப்பின் நேரம், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் முறையில் எழுதப்படுகிறது. எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு அதில் கிடையாது, வினாடி கூட இரண்டு இரண்டாகத்தான் நகரும். சர்வரின் நேர மண்டலத்தை மலேசிய நேரத்துக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

அதே டாஸ் முறையால் 1980-க்கு முந்தைய தேதியும் செல்லாது. கோப்பின் தேதி எப்படியோ 1970 என்று ஆகியிருந்தால் ஸ்கிரிப்ட் பிழை சொல்லி நிற்கும். ஸ்ட்ரிக்ட்_டைம்ஸ்டாம்ப்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் 1980 ஜனவரி 1 என்று வைத்துக்கொண்டு மேலே போகும்.

நாலு ஜிபிக்கு மேல் போகலாமா?

போகலாம். பழைய ஜிப்பின் எல்லை 4 ஜிபி, 65,535 கோப்புகள். ஜிப்64 என்ற நீட்டிப்பு அதைத் தாண்டும், பைத்தான் தேவைப்படும்போது தானே பயன்படுத்தும். ஒரே ஜிப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத மட்டும் ஜிப்ஃபைலால் ஆகாது.

ஜிப்பா, டார் ஜிஜிப்பா?

அலுவலகத்தில் இன்னொருவருக்கு அனுப்புவதென்றால் ஜிப். லினக்ஸ் சர்வரிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு என்றால் டார். டார் என்பது காந்த நாடாவில் காப்பு எடுத்த காலத்தில், 1979-இல் யூனிக்ஸோடு வந்தது. அது சேர்த்துக் கட்டும், அவ்வளவுதான். சுருக்குவதை ஜிஜிப் தனியாகச் செய்யும். யார் எந்தக் கோப்பை ஓட்டலாம் என்ற அனுமதிகளை டார் காப்பாற்றும். பைத்தானின் ஜிப்ஃபைல் விரிக்கும்போது அவற்றை விட்டுவிடும். ஆனால் டாரில் ஒரே ஒரு கோப்பு வேண்டுமென்றாலும் தொடக்கத்திலிருந்து சுருக்கத்தைப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். ஜிப்பில் நேராக அந்தக் கோப்புக்குப் போய்விடலாம்.

பள்ளி ஆண்டு மலரை மின்னூலாக ஆக்கினோம். சில கைப்பேசிகளில் திறக்கிறது, சிலவற்றில் கெட்டுப்போன கோப்பு என்கிறது.

மின்னூலுக்கான இபப் வடிவம் என்பதே ஒரு ஜிப்தான். டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளும் அப்படியே. ஆனால் இபப்புக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மைம்டைப் என்ற குட்டிக் கோப்பு ஜிப்பில் முதல் ஆளாக இருக்க வேண்டும், சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். அதற்குள் 20 எழுத்து மட்டும், கடைசியில் வரி முறிவு கூட ஆகாது. மேக்_ஆர்க்கைவ் கொண்டு ஃபோல்டரை அப்படியே சுருட்டினால் மைம்டைப் எங்கோ நடுவில் விழும், சுருங்கியும் இருக்கும். சில செயலிகள் பொறுத்துக்கொள்ளும், சில தள்ளிவிடும். எனவே மைம்டைப்பை முதலில் தனியாக ஸ்டோர்ட் முறையில் எழுதி, மற்றவற்றைப் பிறகு டிஃப்ளேட்டட் முறையில் எழுதுங்கள். ஜிப்ஃபைலில் கோப்புக்குக் கோப்பு முறையை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் எழுதிய கதைகள் எல்லா வீட்டுக் கைப்பேசியிலும் திறக்க வேண்டும் அல்லவா, இந்த ஆறு வரியைப் பொறுமையாக எழுதலாம்.

வெளியிலிருந்து வரும் ஜிப்பை ஸ்கிரிப்டே விரிக்கட்டுமா?

தெரியாதவர் அனுப்பியது என்றால் விரிப்பதற்கு முன் உள்ளே உள்ள கோப்புகளின் முழு அளவைக் கூட்டிப் பாருங்கள். 42 கிலோபைட் ஜிப், அடுக்கடுக்காக முழுவதும் விரித்தால் பெட்டாபைட் கணக்கில் போகும் பழைய விஷமம் ஒன்று உண்டு. டார் கோப்பு என்றால் பைத்தான் 3.12 முதல் உள்ள ஃபில்டர் என்ற இடத்தில் 'டேட்டா' என்று கொடுங்கள். இல்லாவிட்டால் 3.14-க்கு முந்தைய பதிப்புகளில் ஃபோல்டருக்கு வெளியே போய் எழுதும் வாய்ப்பு உண்டு.

உருவான ஜிப் நன்றாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கரண்டு போனாலோ, பென்டிரைவைப் பிடுங்கினாலோ, உள்ளே 99 கோப்பு முழுசாக இருந்தாலும் பொருளடக்கம் இல்லாததால் சாதாரணமாகத் திறக்காது. க்ளோஸ் கட்டளையை மறந்தாலும் இதே கதி ஆகலாம். அதனால் எப்போதும் 'வித்' போட்டுத் திறங்கள், மூடுவதை அது பார்த்துக்கொள்ளும்.

எழுதி முடித்ததும் அதே ஸ்கிரிப்டில் ஜிப்பைப் படிக்கும் முறையில் மறுபடி திறந்து டெஸ்ட்ஜிப் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கோப்பையும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பார்த்து, முதலில் கெட்டுப்போனதன் பெயரைத் தரும். எல்லாம் சரி என்றால் 'நன்', அதாவது பைத்தானில் ஒன்றுமில்லை என்பதற்கான சொல், வரும். ஃபோல்டரில் எத்தனை கோப்பு, ஜிப்பில் எத்தனை கோப்பு என்று எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் சேர்க்காமல் விட்ட கோப்பை டெஸ்ட்ஜிப்பால் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் ஜிப்பை இன்னொருவர் கணினிக்குக் கொண்டுபோய், தமிழ்ப் பெயருள்ள ஒரு கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து பாருங்கள். மூலக் கோப்புகளை அழிக்கும் வரியை மூன்று மாதம் வரை ஸ்கிரிப்டில் எழுத என் வகுப்பில் யாரையும் விடுவதில்லை.